மீன் வாடை அடித்த மண்நாக்கு

ஒரு நாக்குக்காகக் கடல் தாண்டிப் போனவள் நான். சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார். விமான நிலையத்தில் என் பெட்டியைக் கிளறிய அதிகாரி காரணம் கேட்டுவிட்டுச் சிரித்தார். திருகோணமலை பஸ் நிலையத்தில் கொட்டுகிற மழையில் எனக்காகக் காத்திருந்த பிலோமினா ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நான் மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்த நுண்ணோக்கிப் பெட்டியை வாங்கித் தன் குடைக்குள் வைத்துக்கொண்டு, என்னை நனைய விட்டார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மண்நாக்கு என்பது மண்ணில் வளரும் ஒரு பூஞ்சை. குடை விரிக்காது, தொப்பி போடாது. மழையில் ஊறிய மண்ணிலிருந்து கறுப்பாக, சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒரு நாக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். பூமிக்கு நம்மைப் பார்த்துப் பழிப்புக் காட்டத் தோன்றினால் இப்படித்தான் காட்டும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பூஞ்சைகளை வகைப்படுத்துவது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் மண்ணைக் கிளறியாயிற்று. நான் எதைக் கண்டெடுத்துக் குதித்தாலும், யாரோ ஒரு தாடிக்காரர் எனக்கு முன்பே அதைக் கண்டெடுத்து, பேர் வைத்து, செத்தும் போயிருப்பார். ஒரே ஒரு பூஞ்சைக்காவது நான் பேர் வைக்க வேண்டும் என்பது பேராசைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசையில் சின்ன ஆசை எதற்கு?

திருகோணமலையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பிலோமினா, முறைப்படி அனுமதி வாங்கி, காய்ந்த மண்நாக்கு ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். நுண்ணோக்கியில் வைத்தேன். அதன் வித்துகளும் மேலே முளைத்திருந்த ரோமங்களும் நான் அறிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. எழுந்து ஆய்வகத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் ஒத்துப்போகவில்லை. அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷத்தில் காவலாளிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருந்தது. அந்த நாக்கில் மீன் வாடை அடித்தது. மீன் வாடை அடிக்கும் மண்நாக்கை உலகத்தில் யாரும் எழுதி வைத்ததில்லை. உடனே பேரும் வந்துவிட்டது. 'மீன் மணம் உடையது' என்று பொருள்படும் இக்தியோஸ்மம். குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. கட்டுரையும் எழுதி அனுப்பிவிட்டேன். அதைப் படித்துப் பார்த்த நிபுணருக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரே ஒரு காய்ந்த நாக்கு, அதிலும் பாதியை நான் சீவித் தீர்த்தாயிற்று, புதிதாக ஒன்றைப் பறித்து அந்த நாட்டுத் தாவரச் சேமிப்பகத்தில் ஒப்படைத்தால்தான் பேர் செல்லும் என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது நியாயம். பேருக்குச் சாட்சியாக அந்தப் பூஞ்சை ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும். பேர் அச்சில் ஏறிவிட்டால் பிறகு பொருந்தவில்லை என்று மாற்றவும் முடியாது. கறுப்புக்கு வெள்ளை என்று பேர் வைத்துவிட்டால் உலகம் உள்ளவரை அது வெள்ளைதான்.

ஆகவே திருகோணமலை. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாக்கைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பேரும் இல்லை ஒன்றும் இல்லை.

பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரோட்டில் மான்கள் நிற்கின்றன. பொய் சொல்லவில்லை, புள்ளி மான்கள். எங்கள் ஊரில் மாடு நிற்கிற இடத்தில், மாடு நிற்கிற அதே அலட்சியத்தோடு நின்று, யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஓட்டோக்காரர் ஹாரன் அடித்து ஒன்றை விலக்கிவிட்டு, "ஏறுங்கோ அம்மா, அது நெடுகலும் இஞ்சதான் நிக்கும்" என்றார்.

பிலோமினாவின் வீடு கடற்கரைப் பக்கம். கணவர் அன்ரனுக்குச் சீனன்குடாவில் வேலை. அன்ரனின் அக்கா றீற்றாவும் கூட இருக்கிறார். சமையலறை, அவர்கள் பேச்சில் குசினி, முழுக்க அவருடைய ராஜ்ஜியம், கருவாடு போடுவதும் அவர்தான். வாசலில் கால் வைத்ததும் மீன் வாடை என் முகத்தில் அறைந்தது. நான் பிறந்ததிலிருந்து சைவம். வேறு எந்த வீடாக இருந்தாலும் மூக்கைப் பொத்தியிருப்பேன். ஆனால் அன்றைக்கு இருந்த கிறுக்கில் துள்ளிக் குதித்தேன்.

"ரீச்சர்! நம்ம நாக்கு வாசமே தானுங்க இது! உங்க ஊரு மண்ணே கடல் வாசத்தைக் குடிச்சு வெச்சிருக்குதுங்க!"

"மணக்குதோ?" என்று பிலோமினா காற்றை இழுத்துப் பார்த்தார். "எங்களுக்கு ஒண்டும் தெரியிறேல்லை அக்கா. பழகிட்டுது."

இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பேர் வைக்கப் போகிறவளுக்கு மூளை வேலை செய்யாது என்று இப்போது தெரிகிறது.

நான் சைவம் என்றதும் றீற்றா அக்கா இடிந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "மீனும் ஏலாதோ? மாசியும் ஏலாதோ? மாசி போடாமல் ஒரு சம்பலோ?" என்று பிலோமினாவைப் பார்த்துக் கேட்டார், எனக்கு ஏதோ தீராத வியாதி இருப்பது போல. ஆனால் ராத்திரி இடியப்பமும், தேங்காய்ப்பால் சொதியும், கத்தரிக்காய்ப் பால்கறியும் தனிச் சட்டியில் வந்தன. மாசிக் கருவாட்டுத் தூள் போடாத சம்பலும் வந்தது. அந்தச் சொதியை நான் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்ததைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

மறுநாள் காலையில் சீனன்குடாவுக்குப் போனோம். போகும் வழியில் பிலோமினா அந்தோனியார் சிலைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். "தொலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர்தான்" என்றார். "நாம தொலைக்கவே இல்லீங்களே ரீச்சர், இனிமேதானே கண்டுபிடிக்கோணும்" என்றேன். "அதையும் செய்வார், சும்மா இருங்கோ" என்று என் கையிலும் ஒரு திரியைத் திணித்தார்.

வேலை முடிந்த அன்ரனைக் கூட்டிவரப் போன ஒரு மாலையில், அங்கிருந்த படைமுகாம் வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில்தான் அந்த முதல் நாக்கைப் பிலோமினா பார்த்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரம் அங்கேயேதான் இருந்தது. வேலிதான் நகர்ந்திருந்தது. மரம் இப்போது உள்ளே, நாங்கள் வெளியே. முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நடுத்தர வயதுப் பெண்கள் இரண்டு பேர் முழங்காலில் உட்கார்ந்து உள்ளே எட்டி எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? காவலில் நின்ற சிப்பாய் வந்துவிட்டார். மீசை அரும்பிய முகம். சிங்களத்தில் ஏதோ அதட்டினார்.

"என்ன தேடுறியள் எண்டு கேக்கிறார்" என்றார் பிலோமினா.

"உண்மையைச் சொல்லிப் போடுங்க."

அவர் சொன்னார். சிப்பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி.

"மண்ணுக்குள்ள இருந்து நாக்கு வருமோ, அது கதைக்குமோ எண்டு கேக்கிறார்."

அதன்பின் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படம் எடுக்கக் கூடாது, உள்ளே வரக் கூடாது, ஆனால் தானே போய்ப் பார்த்து வருவதாகச் சொன்னார் அந்தப் புண்ணியவான். துப்பாக்கியை முதுகில் தள்ளிக்கொண்டு மரத்தடியில் குந்தி, இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். கடைசியில் கறுப்பாக எதையோ உள்ளங்கையில் வைத்து, கோயில் பிரசாதம் கொண்டுவருவது போல ஏந்தி வந்து நீட்டினார். எரிந்துபோன ஒரு சுள்ளி. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய? அது இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.

அடுத்த நாள் முழுக்க வெளியே தலை காட்ட முடியாத மழை. றீற்றா அக்கா புட்டு அவித்துக்கொண்டே இருந்தார், நான் தின்றுகொண்டே இருந்தேன். குசினி ஆணியில் மாட்டியிருந்த என் துணிப்பையை எடுத்து உள்ளே இருந்த காகிதப் பொட்டலங்களை எண்ணுவதும் மாட்டுவதுமாகப் பொழுது போயிற்று. வீட்டில் மீன் வாடையே இப்போது தெரியவில்லை. போய்விட்டது போலும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால்? வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பெரிய கொடுமை.

மழை விட்டதும் தம்பலகாமத்துக்குப் புறப்பட்டோம். குளக்கட்டுப் பக்கம் பெரிய மரங்கள் உண்டு, மண் ஈரம் காயாது என்று பிலோமினாவுக்கு நம்பிக்கை. எங்கள் ஓட்டோ வயல்பாதையில் சேற்றில் புதைந்தது. இறங்கித் தள்ளினோம், இன்னும் நன்றாகப் புதைந்தது. அந்த வழியாக உழவு மெசினில் வந்த சிவராசா அண்ணை கயிறு கட்டி ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிட்டு, "இனிப் போகேலாது, அங்கால ஆனை நிக்குது" என்றார்.

உண்மையாகவே நின்றது. குளக்கட்டில், எங்களுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு, காதை ஆட்டி ஆட்டிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கமும் யானை வரும், ஆனால் பின்னாலேயே பட்டாசும் கூச்சலும் கேமராவும் வரும். இங்கே சிவராசா அண்ணை இஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தார்.

"எவ்வளவு நேரமுங்க நிக்கும்?"

"அதை ஆனையிட்டத்தான் கேக்கோணும்."

நிற்க முடியாமல் மரத்தடியில் குந்தினேன். குந்தியதும் வழக்கப்படி கண் தரைக்குப் போயிற்று. என் இரண்டு செருப்புக்கும் நடுவே, ஈரப் புல்லுக்குள், கறுப்பாக ஒரு நாக்கு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே பழிப்புக் காட்டிக்கொண்டு நின்றது!

கத்த முடியாது, யானை நிற்கிறது. பிலோமினாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவர் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் கூச்சல் போட்டோம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

ஒன்றை மண்ணோடு எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தேன். ஈர மண்ணின் வாசம்கூட இல்லை.

"ரீச்சர், மீன் வாசம் வருதுங்களா பாருங்க."

பிலோமினா முகர்ந்தார். "என்ர மூக்கை நம்பாதேங்கோ அக்கா. அண்ணை, நீங்கள் ஒருக்கா மணந்து பாருங்கோவன்."

சிவராசா அண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணை மூடி முகர்ந்தார். ஓட்டோக்காரரிடம் கொடுத்தார், அவரும் முகர்ந்தார். யானை ஒன்றுதான் பாக்கி.

"இதில ஒரு மணமும் இல்லைப் பிள்ளை" என்றார் சிவராசா அண்ணை. பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்கட பையிலதான் கருவாடு மணக்குது."

"என் பையிலயா? நான் சைவமுங்க!"

"அது எனக்குத் தெரியாது. மணக்குது."

யானை மனசு வைத்து இறங்கிப் போனதும் வீட்டுக்குப் பறந்தோம். இது வேறு இனமோ? நான் இவ்வளவு தூரம் வந்தும் தப்பான நாக்கைப் பிடித்துவிட்டேனோ? ஈர உடுப்பைக்கூட மாற்றாமல் ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தேன். அதே கறுத்த ஊசி ரோமங்கள். அதே நீண்ட பழுப்பு வித்துகள், உள்ளே அதே தடுப்புகள். சந்தேகமே இல்லை, அதே இனம். அப்படியானால் மீன் எங்கே போயிற்று?

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, பிலோமினா மீதி நாக்குகளை ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். "நான் இதுகளைக் காய வைக்கிறன் அக்கா, போன முறை வைச்ச இடத்திலயே." சும்மா திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே பலகையடித்து ஒரு தட்டு. மழைக்காலத்தில் கருவாடு பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க றீற்றா அக்கா அதை அங்கேதான் பரப்பி வைக்கிறார். வீட்டிலேயே ஈரம் ஏறாத ஒரே இடம். நெத்தலிக்கும் சாளைக்கும் நடுவே என் நாக்குகளுக்குப் பிலோமினா இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் றீற்றா அக்காவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"ரீச்சர், போன முறையும் இங்கயேதான் வெச்சீங்களா?"

"ஓம். ஒரு கிழமை, ஏழு நாளும். வேற எங்க வைக்கிறது?" என்றவர், என் முகத்தைப் பார்த்தார், கருவாட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "ஐயோ மாதாவே! நீங்கள் மீன் மணம் எண்டு எழுதினபோது, படிச்ச ஆள், ஏதோ கண்டுபிடிச்சிட்டியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்!"

"நீங்க எடுத்த ஆளு, உங்களுக்குத் தெரியும்னு நான் நெனச்சேனுங்க!"

றீற்றா அக்காவுக்கு விஷயம் மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப, என்ர கருவாட்டுக்கோ லத்தீனில பேர் வைச்சனீங்கள்?"

அதன்பிறகு கொஞ்ச நேரம் அந்தக் குசினியில் யாரும் மனுஷராக இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது. பிலோமினா சுவரில் சாய்ந்து சறுக்கித் தரைக்கு வந்துவிட்டார். வேலை முடிந்து வந்த அன்ரன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "விசரோ?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும்தான் நினைவு வந்தது. கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. போய்விட்டால் உலகம் உள்ளவரை இக்தியோஸ்மம்தான். ஈரக் கையோடு ஆய்விதழின் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன்: நிறுத்துங்கள், பேரை மாற்றுகிறேன். புதுப்பேர் யோசிக்க நேரமே ஆகவில்லை. நான்கு பேர் முகர்ந்து ஒரு மணமும் இல்லை என்று சொன்ன பூஞ்சை. 'மணமற்றது', லத்தீனில் இனொடோரம். திருகோணமலைப் பேரை வைத்திருக்கலாம், பிலோமினாவின் பேரை வைத்திருக்கலாம். ஆனால் அவர் கட்டுரையில் என்னோடு சேர்ந்து எழுதுகிறவர், எழுதுகிறவர் பேரை வைப்பது அழகல்ல. தவிர, அந்த மீன் வாடைக்கு எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் வரும்வரை நகம் கடித்தேன். சரி, மாற்றியாயிற்று என்று வந்தது. முகர்ந்து உதவிய சிவராசா அண்ணைக்கும் ஓட்டோக்காரருக்கும் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல வேண்டும் என்றார் பிலோமினா. சேர்த்துவிட்டேன்.

நாக்குகளைக் குசினிக்கு ஆகத் தூரமான முன்னறையில், அந்தோனியார் படத்துக்குக் கீழே, பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பல்பைப் போட்டுக் காய வைத்தோம். றீற்றா அக்கா அந்த அறைப் பக்கமே வரக் கூடாது என்று கட்டளை. அவரும் வாசலுக்கு அப்பால் நின்றுதான் தேத்தண்ணியை நீட்டினார். நாக்குகள் அழகாகக் காய்ந்தன. காகிதத்தில் மடித்து, அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன். கண்டிப் பக்கம் உள்ள சேமிப்பகத்தில் நானே ஒப்படைத்துவிட்டு அப்படியே ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

புறப்படும்போது றீற்றா அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "ஒண்டையும் வாயில வைக்காமல் போறியள்" என்றார், நான் அத்தனை புட்டையும் தின்று தீர்த்த பிறகும். அவரே என் பையை அடுக்கிக் கட்டித் தந்தார்.

கண்டி பஸ்ஸில் எனக்கு நல்ல வசதி. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண் சற்று நேரத்தில் எழுந்து பின்னால் போய்விட்டார். அடுத்து வந்தவர் உட்காரவே இல்லை. கூட்டத்திலும் இரண்டு இருக்கை எனக்கே எனக்கு. இந்த ஊர்க்காரர்கள் வெளியூர்ப் பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று உருகிப்போனேன். நாக்குப் பெட்டியைப் பைக்குள் பத்திரமாக வைத்து, பையை மடியில் அணைத்தபடி தூங்கினேன்.

சேமிப்பகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. அமைதியான மனிதர், ஆங்கிலத்தில் பேசினார். அட்டைப்பெட்டியைத் திறந்தவர் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு மரியாதையோடு மறுபடி குனிந்து முகர்ந்தார்.

"என்ன பேர் வைத்திருக்கிறீர்கள்?"

"இனொடோரம்" என்றேன். இத்தனை வருடம் காத்திருந்து முதன்முதலாகச் சொல்கிறேன்.

அவருக்கு லத்தீன் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "மணமற்றது?"

"மணமற்றது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார்: "இது நெத்தலிதானே?"

பையைக் கவிழ்த்தேன். துண்டுக்கு அடியில், பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்து வந்தபடி, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பெரிய பொட்டலம். மேலே றீற்றா அக்காவின் கோணல் எழுத்து: 'அவருக்கு. நல்ல காய்ஞ்சது.' என் வீட்டுக்காரர் வெளியே மீன் சாப்பிடுவார் என்று புட்டு தின்றபடி நான்தான் றீற்றா அக்காவிடம் உளறியிருந்தேன்.

இனி எந்த நாட்டு நிபுணர் எந்தக் காலத்தில் வந்து 'மணமற்றது' என்ற அந்தப் பெட்டியைத் திறந்தாலும், அவர் மூக்கில் றீற்றா அக்காவின் குசினிதான் ஏறப்போகிறது. இன்னொரு முறை பேரை மாற்றச் சொல்லி இதழ் ஆசிரியருக்கு எழுத எனக்கு முகமில்லை. அந்த அமைதியான அதிகாரி மேசையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்.

பொட்டலத்தை எடுத்து மூக்கோடு வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன்.

"சத்தியமா" என்றேன், யாரிடம் சொன்னேனோ தெரியாது, "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை."